ஃபோர்மேனுக்காகக் கட்டிய வீடு

ஃபோர்மேன்,

நேற்று என் நாத்தனார் கணவரோடு பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு அவள் போட்ட சண்டை பழத்தைவிடப் பெரியது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, சாக்கை விரித்துச் சமையலறையில் உட்கார்ந்தேன். முதல் சுளை கையில் வந்ததுமே வாசனை வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. ஈ வந்தது, எறும்பு வந்தது. பக்கத்து வீட்டம்மா 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு' வந்தாள். வர வேண்டிய நீ வரவில்லை.

பலாச்சுளை விஷயத்தில் நீ நாய்ச் சாதியிலேயே சேர்த்தி இல்லை. மற்ற நாய்கள் எலும்புக்கு அடித்துக்கொள்ளும். நீ சுளைக்காகச் சமையலறைப் படியில் தவம் கிடப்பாய். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை மட்டும் நாசூக்காக ஓரமாகத் துப்புவாய். நாத்தனாரின் கணவருக்கு அந்த நாகரிகம் இன்னும் கைவரவில்லை. நேற்று கூட்டிப் பெருக்கியது நான்தான்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. செத்துப்போன நாய்க்குக் கடிதம் எழுதுகிற பொம்பளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? இதைவிடச் சின்னக் காரியத்துக்கெல்லாம் நான் எத்தனை பேரைப் பேசியிருக்கிறேன். உனக்குக் கண் இருந்தபோதே படிக்கத் தெரியாது, கண் போன பிறகு கேட்கவே வேண்டாம். இருந்தாலும் எழுதுகிறேன். யார் மகள் யாரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள், யார் வீட்டில் யார் மருமகளோடு பேசுவதில்லை என்று உன் காதில் நான் போட்டது கொஞ்சமா? ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. டவுன்ஷிப்பில் அப்படி ஓர் ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

உன் கதையை உன் அம்மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் எங்களுக்குக் குவார்ட்டர்ஸோடு சேர்ந்து வந்தவள். நெய்வேலியில் இது வழக்கம்தான், ஆனால் வழக்கம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆயுசில் பாதியைக் கழித்த வீட்டிலிருந்து ஃபேனைக் கழற்றுவார்கள், கொடிக்கயிற்றை அவிழ்ப்பார்கள், துளசி மாடத்தைக்கூடப் பெயர்த்து லாரியில் ஏற்றுவார்கள். நாயை மட்டும் ஏற்ற மாட்டார்கள். பையன் வீடு சென்னையில் மூன்றாவது மாடி, அங்கே நாய்க்கு இடமில்லை என்பார்கள். லாரி கிளம்பும். நாய் பிளாக் முனை வரைக்கும் பின்னாலேயே ஓடும். பிறகு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். அடுத்து அலாட்மெண்ட் வாங்கி வருகிறவர்களுக்கு மாமரம், துவைக்கிற கல், நாய் மூன்றும் கைக்கு வரும்.

நாங்கள் சாமான்களோடு வந்து இறங்கியபோது உன் அம்மா கேட்டில் படுத்திருந்தாள். வெள்ளை நாய் என்பது மழை பெய்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை பவர் ஹவுஸ் சாம்பல் படிந்து சாமியார் மாதிரி இருந்தாள். காலி செய்து போனவர்கள் சாவியைக் கொடுத்தார்கள், எந்தக் குழாய் ஒழுகும் என்று சொன்னார்கள், அவள் பெயரைச் சொல்லவில்லை. மணி என்று கூப்பிட்டேன். ராணி, ரோசி, ஜிம்மி என்று வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். காதுகூட அசையவில்லை. எதிர்வீட்டு சரோஜாக்காவைக் கேட்டேன்.

"ஏதோ பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது" என்றாள்.

அந்தத் தெருவில் யாருக்கு எந்த வருஷம் பிரமோஷன் தவறியது என்பது வரைக்கும் தேதிவாரியாகச் சொல்லக்கூடிய சரோஜாக்கா, அத்தனை வருஷம் எதிரே படுத்திருந்த நாயின் பெயரை மறந்துபோயிருந்தாள். அதனால் உன் அம்மாவுக்குக் கடைசிவரை பெயரில்லை. 'ஏய்' என்றுதான் சோறு வைத்தேன்.

சோற்றைத் தின்பாள், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வர மாட்டாள். லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். நெய்வேலியில் லாரிச் சத்தத்துக்கா பஞ்சம்? நாள் முழுக்க எழுந்து நிற்பதும் படுப்பதுமாகவே இருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

தானே புயல் வந்தபோது நீயும் உன் கூடப் பிறந்தவர்களும் இன்னும் கண் திறக்காத குட்டிகள். காம்பவுண்டுக்கு வெளியே, முன்பக்கத்து வேப்பமரத்தடியில் பள்ளம் பறித்து உங்களைப் போட்டிருந்தாள். காலையில் கதவைத் திறந்தால் தெருவே இல்லை. எங்கு பார்த்தாலும் விழுந்த மரம். வேப்பமரம் பள்ளத்தின் மேலேயே படுத்திருந்தது. கிரில் கதவுக்கு உள்ளே, மிதியடிமேல், எலிக்குஞ்சு மாதிரி நீ ஒருவன் மட்டும் கிடந்தாய். அந்த ஒரு தடவை மட்டும் கேட்டைத் தாண்டி வந்து, உன்னைக் கம்பி வழியாக உள்ளே போட்டுவிட்டு அவள் மறுபடியும் கேட்டுக்கே போய்விட்டாள், மழையில்.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு நாள், லாரி போனது, அவள் எழவில்லை. என் வீட்டுக்காரர் அவளைப் பழைய போர்வையில் சுற்றி, ஹால் வழியாகவும் சமையலறை வழியாகவும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தோட்டத்தில் புதைத்தார். செத்த பிறகுதான் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன், "நாம போறப்ப இவனை விட்டுட்டுப் போகக் கூடாது."

"போறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்குடி" என்று மண்வெட்டியைக் கழுவினார் அவர்.

உனக்குப் பெயர் வைத்தது அவர்தான். மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. ஃபோர்மேன் பதவி அவர் வாசல் வரைக்கும் பலமுறை வந்து, பக்கத்து வாசலுக்குள் நுழைந்துவிட்டது. நீயோ வந்த கொஞ்ச நாளிலேயே எல்லோரும் வேலை செய்வதைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பார்ப்பாய். யாராவது கொஞ்சம் உட்கார்ந்தால் குரைப்பாய். "இவன்தான்டி அசல் ஃபோர்மேன்" என்றார். முதல் ஷிப்ட் பஸ் வரும்போது அவரோடு ஸ்டாப் வரைக்கும் போய், ஏறுகிறவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவாய். கூட வேலை பார்ப்பவர்கள் உனக்குச் சல்யூட் அடிப்பார்களாம். 'உங்க ஃபோர்மேன் இன்னைக்கு லீவா?' என்று நிஜ ஃபோர்மேனின் காதுபடக் கேட்பார்களாம். அடுத்த இன்கிரிமெண்ட் ஏன் தள்ளிப்போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு உனக்கு அந்த உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூக்கில் ரத்தம் ஒழுக, வடலூர்க் கால்நடை ஆஸ்பத்திரிக்கு உன்னை ஆட்டோவில் தூக்கிப்போனோம். ஆடு, மாடு, கோழிக்கெல்லாம் நடுவில் நம் முறைக்காகக் காத்திருந்தோம். எனக்கு அடுத்ததாக நின்ற ஆடு என் முந்தானையை மென்றதுகூடத் தெரியாமல் உன் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஊசி மேல் ஊசி. ஒரு வாரம் கழித்து டாக்டர், "உசுரு தப்பிச்சுதும்மா. கண்ணு அவ்வளவுதான்" என்றார்.

கண் போனதை நீ எங்களுக்குக் காட்டிக்கொள்ளவே இல்லை. பழையபடி ஹாலில் நடந்து, வலது பக்கம் திரும்பி, படியில் இறங்கி, சமையலறையைக் கடந்து, பின்கதவு வழியாகப் போய்த் துவைக்கிற கல்லோரம் படுத்தாய். எனக்கு டாக்டர்மேல்தான் சந்தேகம். பொங்கலுக்கு வீடு கழுவக் கட்டிலை ஒரு முழம் நகர்த்தினேன். நீ நேராக வந்து அதில் 'டமார்' என்று முட்டினாய். முட்டிவிட்டு, இங்கே கட்டில் இருக்கக் கூடாதே என்பதுபோல நின்றாய். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பின்பக்கம் போய் அழவும் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து நம் வீட்டில் எதுவும் நகரவில்லை. நாற்காலி போட்ட இடத்தில் வேரூன்றியது. விருந்தாளிகள் செருப்பைக் கண்ட இடத்தில் விட்டால் விரட்டினேன். டியூட்டியிலிருந்து வந்தவர் டிபன் பையைத் தரையில் வைத்தால் போதும், "மைன்ஸ்ல சேஃப்டி பத்தி அவ்ளோ பேசறீங்க, வழியில பையைப் போட்டா ஆகுமா?" என்று பிடித்துக்கொள்வேன். அவர் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டே தண்ணீர் குடிப்பார். சொந்தக்காரர்கள் வருவது குறைந்தது. அதில் எங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ரிட்டயர்மெண்ட் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. வடலூருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். அங்கே வீடு கட்டிப் போக வேண்டும். உன்னையும் அழைத்துப் போவோம், அதில் பேச்சே இல்லை. ஆனால் புது வீட்டில் நீ என்ன செய்வாய்? கட்டில் ஒரு முழம் நகர்ந்ததற்கே திகைத்தவன், முழு வீடும் மாறினால் மூலையில் ஒண்டிக்கொண்டு செத்தே போவாய் என்று தோன்றியது. உன் அம்மாவைக் கேட்டில் விட்டதற்கும் உன்னை அப்படி ஒரு மூலையில் போட்டதற்கும் என்ன வித்தியாசம்?

அந்தச் சமயத்தில்தான் கணக்கு டீச்சர் வீட்டு விவகாரம் நடந்தது. ஒரு நாள் காலை, கேட்டைத் திறந்து போட்டுவிட்டுக் காய்கறி வண்டிக்காரரிடம் ஓசிக் கொத்தமல்லிக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் நீ இல்லை. கொஞ்ச நேரத்தில் நாலு வீடு தள்ளி ஒரு அலறல். ஓடினேன். கணக்கு டீச்சர் கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"உங்க நாய் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. தேடல, மோந்து பாக்கல. நேரா ஹாலு, வலது பக்கம் திரும்பிச்சு, படி இறங்கிச்சு, என்னைத் தாண்டிப் போயி எங்க துவைக்கிற கல்லுக்கிட்டப் படுத்துக்கிச்சு. அது வந்த தோரணையில எனக்கே ஒரு நிமிஷம், நான்தான் வேற யார் வீட்லயோ நின்னு சமைக்கிறேனோன்னு ஆயிடுச்சு" என்றாள்.

உன்மேல் தப்பில்லை. கம்பெனி ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஊரைக் கட்டியிருக்கிறது. கண் உள்ளவர்களே குடித்துவிட்டு வந்தால் வீடு மாறிப் போகிறார்கள், உதாரணத்துக்குப் பெயர் சொல்லவா? ஆனால் எனக்கு அங்கேயே மண்டையில் ஏதோ தட்டியது. உன்னை இழுத்துக்கொண்டு நேராக சரோஜாக்கா வீட்டுக்குப் போனேன். எதிர்வரிசை வீடுகள் நம்முடையதை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டவை. உள்ளே விட்டேன், திரும்பியதுமே சுவரில் முட்டினாய்.

"ஏன்டி, முட்டவிட்டுப் பாக்க என் வீட்டுச் சுவர்தான் கெடைச்சுதா?" என்றாள் சரோஜாக்கா.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். புது வீட்டைக் குவார்ட்டர்ஸ் மாதிரியே கட்டிவிடலாம், அதே ஹால், அதே திருப்பம், அதே படி. அவருக்கு வேறு கனவு இருந்தது. இரண்டு தூண் வைத்த போர்ட்டிகோ, வெளியே மாடிப்படி, மேலே ஒரு ஊஞ்சல். பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம் ஒன்றைப் பர்ஸில் வைத்திருந்தார். கல்யாணப் புதிதில் அந்த இடத்தில் என் படம் இருந்ததாக ஞாபகம். நான் சொன்னதைக் கேட்டு அவர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாப்பிட்டார், கையைக் கழுவினார், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அந்தப் படி எத்தனை அங்குலம்னு அளந்து வை. மேஸ்திரி கேப்பாரு" என்றார்.

மேஸ்திரி திருவதிகைக்காரர். நான் வரைந்து கொடுத்த தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஜனங்க குவாட்டர்ஸ்ல இருந்துகினு பங்களா வரைஞ்சினு வருது. நீங்க சொந்த மனையை வச்சிகினு குவாட்டர்ஸ் வரைஞ்சினு வந்திருக்கீங்களே?"

"எங்களுக்கு இது பழகிடுச்சு மேஸ்திரி."

"சரிங்க. ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல படி எதுக்கு? மட்டமா போட்டுடறேன். வயசான காலத்துல தடுக்கி வுழுவீங்க."

"படி வேணும். அஞ்சு அங்குலம்."

"யாருக்குமா?"

ஹாலில் காலை நீட்டிப் படுத்திருந்த உன்னைக் காட்டினேன். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் நியாயம் கேட்பதுபோல என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அவனுக்குக் கண்ணு தெரியாது. படி அங்க இருக்கும்னு நினைச்சுக் காலை வைப்பான்" என்றார் இவர்.

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகினார். "நானும் வூடு கட்டினே கெழவனாயிட்டேன். பொண்டாட்டிக்குக் கட்டினவன் இருக்கான், பொண்டாட்டிக்குத் தெரியாம இன்னொருத்திக்குக் கட்டினவனும் இருக்கான். நாய்க்குக் கட்டறது நீங்கதான் சார்" என்றார். கேலிதான், ஆனால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மறுநாளே மறுபடியும் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒவ்வொரு சுவராக அளந்தார்.

பெங்களூரிலிருந்து மகள் போனில் கத்தினாள், "அம்மா, அப்பா காலம் பூரா அந்த டப்பாவுக்குள்ளதான் இருந்தாரு. ரிட்டயர் ஆகியும் அதுக்குள்ளயேவா?" சரோஜாக்கா தன் பங்குக்கு, சமையலறை அந்த மூலையில் வந்தால் வாஸ்துப்படி குடும்பத் தலைவிக்கு ஆகாது என்றாள். "தலைவி ஃபோர்மேன் சொல் பேச்சு கேக்கறவ, விடுக்கா" என்றேன்.

சுவர்கள் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியதும் உன்னை லோடு ஆட்டோவில் அழைத்துப் போனோம். மேலே கூரை இல்லை, தரையில் சிமெண்ட் இல்லை, செங்கல் வாசனை. வாசலில் விட்டேன். நீ நின்றாய். மூக்கைத் தூக்கினாய். எல்லாமே புது வாசனை, காற்றுகூடப் புதுசு. சித்தாள் பெண் சிரித்தாள். மேஸ்திரி கரணையைக் கீழே வைத்தார். நீ மெதுவாக நடந்தாய். ஹால். வலது பக்கம் திரும்பினாய். முன்னங்காலைத் தூக்கி, காற்றில் கொஞ்சம் துழாவி, கீழே வைத்தாய். படி இருந்தது. இறங்கினாய். வால் ஆடியது. சமையலறை, பின்வாசல், வெளியே.

"ஒரு இஞ்சு தப்பலமா" என்றார் மேஸ்திரி. உன்னைப் பாராட்டினாரா, தன்னையே பாராட்டிக்கொண்டாரா, தெரியவில்லை.

அங்கே போய் நீ மூக்கால் மண்ணைத் தேடினாய். ஒரு சுற்று சுற்றினாய். பிறகு எங்கள் பக்கம் திரும்பி முனகினாய். கல் எங்கே என்கிறாய். ஊரெல்லாம் வாஷிங் மெஷினுக்கு மாறிவிட்ட காலத்தில், கதவு ஜன்னல் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் துவைக்கிற கல் வந்தது.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட வாரத்தில் நீ சாப்பாட்டை நிறுத்தினாய். முதலில் அடம் என்று நினைத்தேன். ரசம் சோறு, தயிர் சோறு, கடைசியில் கறி. முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாய். வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது, பழைய பாட்டரி மாதிரி. அதே ஆஸ்பத்திரி, அதே ஆடு மாடு. "பழைய காய்ச்சல் உள்ளுக்குள்ளயே இருந்து கிட்னியை அரிச்சிடுச்சும்மா. ட்ரிப் ஏத்திப் பாப்போம்" என்றார் டாக்டர். வீட்டு ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, காலில் ஊசியோடு உன்னைப் படுக்க வைத்தோம். சொட்டுச் சொட்டாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டே மேஸ்திரிக்குப் போன் செய்வேன்.

"பூச்சு முடிஞ்சிதா?"

"பூசிகினுதான்மா இருக்கோம்."

"சீக்கிரம் மேஸ்திரி."

"சிமெண்டு காயணுமே? நான் அவசரப்பட்டா அது கேக்குமா?"

ஒரு பக்கம் வீடு எழும்பிக்கொண்டே இருந்தது, இன்னொரு பக்கம் நீ இறங்கிக்கொண்டே இருந்தாய். பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் தினமும் போன் செய்தேன்.

அன்று அவர் முதல் ஷிப்ட். நீ திடீரென்று எழுந்தாய். எழுந்து ரொம்ப நாளாகியிருந்ததால் எனக்குச் சந்தோஷம். ஹாலில் நடந்தாய். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனாய். சுவரில் முட்டினாய். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட முட்டாத சுவர். முட்டிவிட்டுத் தலையை எடுக்கவும் இல்லை. நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாய். பிடித்துத் திருப்பினேன். மறுபடியும் போய் நெற்றியைச் சுவரில் வைத்தாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தெரியவில்லை உனக்கு, நானும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடலூரில் நான் கட்டிக்கொண்டிருந்தது உன் மண்டைக்குள் இருந்த வீட்டை. அந்த வீடு முதலில் இடிந்துவிட்டது.

தூக்கிக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லோரம் உட்கார்ந்தேன். என் மடியிலேயே வாந்தி எடுத்தாய், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நன்றாகச் சாகவில்லை நீ. தூங்குவதுபோலப் போனான் என்று பிறரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் எதற்குப் பொய். வெயில் உச்சிக்கு வருமுன் முடிந்தது. சரோஜாக்கா வந்து, ஒன்றும் கேட்காமல் ஈரத்துணியால் ஹால் முழுக்கத் துடைத்தாள். வாய் திறக்காத சரோஜாக்காவை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஷிப்ட் முடிந்து வந்தவர் யூனிபாரத்தோடு உன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உன்னை வடலூருக்கு எடுத்துப்போக வேண்டும் என்றேன். அங்கே கல்லுக்குப் பக்கத்தில் புதைக்கலாம், அது அவன் வீடு என்றேன். குழி தோண்டச் சொல்லி மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

அந்தப் பக்கம் அவர் ஆட்களைக் கலவையை நிறுத்தச் சொன்னது காதில் விழுந்தது. பிறகு, "பால் காச்சாத வூட்டுக்கு மொதமொதல்ல சாவை எடுத்துகினு வரலாமாமா? எனக்கும் அவன் மேல ஆசைதான். ஆனா நான் கை வச்ச வூடு, நீங்க நல்லா வாழணுமில்ல" என்றார்.

சாஸ்திரத்தையும் சம்பிரதாயத்தையும் ஏக வசனத்தில் திட்டினேன். என் வீட்டுக்காரர் போனை வாங்கி வைத்தார்.

"அவன் அம்மா இங்க இருக்கா. அங்க யாரு இருக்கா?" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் பதில் வைத்திருப்பவள் நான். எழுந்து போய் உனக்கு ஒரு பழைய போர்வை தேடினேன். உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே தோண்டினார். அதே மண்வெட்டி.

அடுத்த மாதம் அவர் ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் வந்தன. பால் காய்ச்சினோம். பிறகு குவார்ட்டர்ஸை ஒப்படைக்கிற நாள். ஆபீஸிலிருந்து வந்த பையன் குழாயைத் திருகிப் பார்த்தான், ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தான், பின்பக்கம் வந்து நின்றான்.

"இங்க மண்ணு கிளறின மாதிரி இருக்கே. என்ன மேடம் நட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் நடல தம்பி. அது அப்படியே இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சாவியைக் கொடுத்தோம். லாரியில் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும். பிளாக் முனை வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். பூட்டிய கேட், தெரு, வெயில். பின்னால் எந்த நாயும் ஓடி வரவில்லை. நாயை விட்டுவிட்டுப் போனவர்களை எந்த வருஷமாவது என் வாய் சும்மா விட்டிருக்கிறதா? அவர்களாவது ஒரு நாயைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். நான் இரண்டை விட்டுவிட்டு வந்தேன்.

இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், 'ஏங்க, குவார்ட்டர்ஸ் மாதிரியே கட்டியிருக்கீங்க?' கம்பெனி மேல் அவருக்கு அவ்வளவு விசுவாசம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவரும் தலையாட்டுகிறார். நாத்தனாரின் கணவர் அந்தப் படியில் இதுவரை மூன்று முறை தடுக்கி விழுந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

போன வாரம் மகள் ஒரு டைனிங் டேபிள் வாங்கி அனுப்பினாள். ஆறு பேர் உட்காரலாம். ஹாலில் அதற்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, நீ வலது பக்கம் திரும்புகிற இடம். நான் ஒரு முனையையும் அவர் ஒரு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த இடத்தில் இருவரும் நின்றோம்.

"இங்க வச்சா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எனக்கும் கை வலித்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

கால்களைக் கழற்றி, பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறோம். டேபிள் எப்படி இருக்கிறது என்று மகள் போனில் கேட்டாள். ஜோராக இருக்கிறது என்றேன். அவரும் நானும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.